ஆஸ்டின் ஏசிஎல் இசை விழாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: வீடு திரும்பும் வழியிலிருந்து தொடங்குங்கள்

செப்டம்பர் கடைசி ஆனால் போதும், டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் புறநகர்களான ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: "ஏசிஎல் போறோம், கார் எங்க நிறுத்தலாம்?" விழா நடக்கும் ஜில்கர் பார்க்கில் அந்த நாட்களில் கார் நிறுத்தவே முடியாது என்பதுதான் பதில். இது தெரியாமல் குழந்தை குட்டிகளோடு பார்டன் ஸ்பிரிங்ஸ் ரோடு வரை போய், போலீஸ்காரர் கைகாட்டித் திருப்பிவிட்டு, பாட்டு தொடங்கும் நேரத்தில் டவுன்டவுனில் பார்க்கிங் தேடிச் சுற்றியவர்கள் நிறைய பேர். அவர்களுக்காகத்தான் இது.

அடிப்படை விவரம் சுருக்கமாக. ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ் இசை விழா அக்டோபர் தொடக்கத்தில் அடுத்தடுத்த 2 வார இறுதிகளில், வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும். நகரத்தின் நடுவிலேயே உள்ள ஜில்கர் பார்க்கின் பெரிய புல்வெளியில் பல மேடைகள், மதியம் தொடங்கி இரவு 10 மணி வரை. ஒரு நாளைக்குச் சுமார் 75,000 பேர் வருவார்கள். டவுன்டவுனில் இருக்கிற ஏசிஎல் லைவ் அரங்கம் வேறு, இது வேறு. கூகுள் மேப்பில் "ஏசிஎல்" என்று மட்டும் தட்டிவிட்டு அரங்க வாசலில் போய் நிற்கிறவர்கள் உண்டு. "ஜில்கர் பார்க்" என்று தேடுங்கள்.

1. எந்த வாரம், எந்த டிக்கெட்

இரண்டு வார இறுதியிலும் கலைஞர் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிலர் மட்டும் ஒரு வாரம்தான் வருவார்கள். அதனால் நீங்கள் ஒரே ஒருவருக்காகப் போவதாக இருந்தால், அவர் பெயருக்குப் பக்கத்தில் "முதல் வாரம் மட்டும்", "இரண்டாம் வாரம் மட்டும்" என்று குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை, ஒரு நாள் டிக்கெட். கணக்குப் போட்டால் 3 நாள் டிக்கெட்தான் லாபம், அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் 10 மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு மறுநாளும் கிளம்புகிறவர்கள் நான் பார்த்தவரை குறைவு. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் மேசை மேல் கிடக்கும், ஆள் சோபாவில் கிடப்பார். ஒரு நாள் டிக்கெட் பிறகுதான் விற்பனைக்கு வரும். யார் எந்தக் கிழமை பாடுகிறார்கள் என்பது தெரியும்வரை பொறுத்திருந்து வாங்கலாம்.

வெளியாளிடம் வாங்காதீர்கள். டிக்கெட் என்பது சில்லு பதித்த ஒரு கைப்பட்டை, முதலில் வாங்கியவரின் கணக்கோடு சேர்ந்தது. அவர் அதை விற்றுவிட்டு, தொலைந்துபோனதாகச் சொன்னால் உங்கள் கையில் இருப்பது வெறும் துணி. விழாக்காரர்களே நடத்தும் மறுவிற்பனைப் பக்கத்தில் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

2. திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். இதுதான் முதலில் வர வேண்டியது, ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் இதைப் பொறுத்துத்தான். எத்தனை மணி வரை இருக்கலாம், குழந்தையைக் கூட்டிப் போகலாமா, என்ன செருப்பு, எவ்வளவு சாமான், எல்லாமே.

போகும்போது கூட்டம் மதியம் 12 முதல் மாலை 6 வரை சிறுகச் சிறுக வரும், அதனால் எப்படிப் போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்பும்போது அப்படி இல்லை. 10 மணிக்கு இசை நிற்கும், பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் அதே சில வாசல்களுக்குத் திரும்புவார்கள். நீங்கள் திட்டமிட வேண்டியது இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான்.

வழிகள் இவை:

இலவச ஷட்டில் பேருந்து. டவுன்டவுனில் ரிபப்ளிக் ஸ்கொயர் என்ற சின்னப் பூங்காவிலிருந்து ஜில்கர் வரை ஓடும், அதே பேருந்துகள் இரவு திரும்பக் கொண்டுவந்து விடும். டவுன்டவுன் கேரேஜ் ஒன்றில் காரை விட்டுவிட்டு இதில் போவதுதான் புறநகர்க் குடும்பங்களுக்கு ஒத்துவரும். வரிசையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் பேருந்துகள் அடுத்தடுத்து வருவதால் நகர்ந்துகொண்டே இருக்கும். கேரேஜை ரிபப்ளிக் ஸ்கொயரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பாருங்கள், முடிந்தால் முன்பதிவு செய்துவிடுங்கள். அதே வார இறுதியில் டவுன்டவுனில் வேறு கூட்டமும் இருக்கும். கேரேஜ் இரவு எத்தனை மணிக்கு மூடும் என்பதையும் அங்கேயே பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நடை. ஜில்கரிலிருந்து டவுன்டவுன் ஏறக்குறைய 2 மைல். பார்டன் ஸ்பிரிங்ஸ் ரோடு வழியாகக் கிழக்கே சவுத் லமார் சாலை வரை வந்து, அங்கிருந்து ஃப்ளூகர் நடைபாலத்தில் ஏறி லேடி பேர்ட் லேக்கைக் கடந்தால் டவுன்டவுன் வந்துவிடும். 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமே கூட நடந்து வரும் என்பதால் இருட்டுப் பயம் இல்லை. கால் தாங்கும் என்றால் பல நேரம் இதுதான் வேகமான வழி.

சைக்கிள். வாசல் பக்கத்தில் நிறுத்த இடம் உண்டு. பூட்டும் விளக்கும் மறக்காதீர்கள்.

ஊபர், லிஃப்ட். போவதற்குச் சரி. 10 மணிக்குத் திரும்ப அழைத்தால் கட்டணம் எகிறும், வண்டி உள்ளே வர முடியாமல் சுற்றும், ஓட்டுநர் ரத்து செய்வார், மறுபடி முதலிலிருந்து. வேண்டுமானால் லமார் தாண்டி ஒரு மைல் நடந்துவிட்டு அழையுங்கள்.

ரயில். லியாண்டர் பக்கத்துக்காரர்கள் ரெட் லைனில் டவுன்டவுன் வரலாம். ஆனால் அந்தக் கிழமையில் ஓடுகிறதா, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே பாருங்கள். கடைசி ரயிலைப் பிடிக்க எத்தனை மணிக்குப் பூங்காவை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால், முக்கியக் கலைஞரின் பாதிப் பாட்டோடு எழுந்திருக்க வேண்டியிருக்கலாம். அதற்கு மனம் ஒப்பினால் ஏறுங்கள்.

3. கைப்பட்டை: கட்டினால் கழற்ற முடியாது

பட்டை தபாலில் வரும். அப்பார்ட்மென்ட் மாறியிருந்தால் கணக்கில் முகவரியை மாற்றிவிடுங்கள், இந்த ஊரில் ஆகஸ்டில் வீடு மாறுகிறவர்கள் அதிகம். வந்ததும் உறையைப் பிரித்து, இணையத்தில் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். தொலைந்தாலும் பழுதானாலும் உங்களுடையது என்று காட்ட வேறு வழி இல்லை. பணம் கட்டும் கார்டையும் அதோடு இணைக்கும் வசதி உண்டு. உள்ளே ரொக்கம் செல்லாது, கார்டு அல்லது பட்டைதான்.

இப்போது கட்டும் விஷயம். துணிப்பட்டையின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அது ஒரு திசையில்தான் நகரும். இழுத்தால் இறுகும், திரும்பத் தளராது. வீட்டில் பிரித்ததும் ஆசையாகக் கையில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, விழாவுக்கு முன் ஒரு வாரம் அதோடு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். போகும் நாள் காலையில் கட்டுங்கள். உள்ளே இரண்டு விரல் நுழையும் இடம் விடுங்கள், வெயிலில் கை லேசாக வீங்கும். கழற்றி வெட்டி ஒட்டினது போல் தெரிந்தால் வாசலில் விடமாட்டார்கள். கணவன் வெள்ளிக்கிழமை, மனைவி சனிக்கிழமை என்று ஒரே பட்டையைப் பகிரும் யோசனையெல்லாம் இங்கே நடக்காது.

4. பை: சின்னதாக, இல்லையேல் கண்ணாடி போல

உள்ளே தெரியாத பை என்றால் 6 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்ற அளவுக்குள் இருக்க வேண்டும், அதாவது இடுப்பில் கட்டும் சின்னப் பை. அதைவிடப் பெரியது என்றால் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை, 12 அங்குலம், 6 அங்குலம், 12 அங்குலம் அளவுக்குள். முதுகில் மாட்டும் தண்ணீர்ப்பை காலியாக இருந்தால் அனுமதிப்பார்கள், ஆனால் அதில் ஜிப்புகள் அதிகம் இருக்கக் கூடாது. லேப்டாப் பேக்பேக்கோடு வந்தால் வாசலோடு சரி. விதிகளில் சின்ன மாற்றங்கள் ஆண்டுக்கு ஆண்டு வரும், கிளம்பும் வாரத்தில் விழாவின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பையில் வேண்டியவை: காலி தண்ணீர் பாட்டில், சன்ஸ்கிரீன், தொப்பி, கைக்குட்டை அல்லது பந்தனா, காதடைப்பான், போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்க், அடையாள அட்டை, மடித்தால் கைக்குள் அடங்கும் மழை அங்கி, உட்கார ஒரு பழைய பெட்ஷீட்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. ஸ்பிரே சன்ஸ்கிரீன் கூடாது, அழுத்தப்பட்ட டப்பா எதுவும் கூடாது, டியூபில் வரும் கிரீம்தான். குடை கூடாது, அம்மா அப்பாவுக்கு வெயில் படக் கூடாதே என்று கொண்டுவரும் குடை வாசல் குப்பைத் தொட்டியில் போகும். வெளிச் சாப்பாடு கூடாது, புளியோதரையும் தயிர் சாதமும் டப்பர்வேரோடு அங்கேயே நின்று சாப்பிட்டு முடிக்க வேண்டியதுதான். மாத்திரைகளை உறை இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் உதிரியாகக் கொண்டுவருவது இன்னொன்று. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பெயர் ஒட்டிய டப்பாவோடு அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வாருங்கள்.

உடை பற்றி ஒன்றே ஒன்று: மூடிய ஷூ. மற்றது உங்கள் விருப்பம். செருப்போடு வந்தால் இரவுக் கூட்டத்தில் கால்விரலை மிதிப்பார்கள், அதற்கு முன்பே புழுதி விரல் இடுக்கில் உரசிப் புண்ணாக்கிவிடும்.

5. அட்டவணை: ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள், இருபது பேரை அல்ல

விழாவின் ஆப்பில் மேடைவாரியாக நேரம் வரும். புதிதாக வருகிறவர்கள் செய்வது, பிடித்த பெயர்களையெல்லாம் நட்சத்திரக் குறி போட்டுவிட்டு அரைமணிக்கு ஒரு மேடை என்று ஓடுவது. தூரம் ஆப்பில் தெரியாது. பெரிய மேடைகள் புல்வெளியின் இரு கோடியில் இருக்கின்றன. மதியம் 2 மணிக்கு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 15 நிமிடத்தில் போய்விடலாம். இரவு 8 மணிக்கு அதே தூரம், எதிரே வரும் கூட்டத்தோடு, 30 நிமிடமும் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் பின்வரிசைதான்.

அதனால் கட்டாயம் கேட்க வேண்டியவர் 2 பேர், கேட்டால் நல்லது என்று 3 பேர், அவ்வளவு போதும். அவர்களுக்கு இடையில் ஒரு மணி நேரமாவது எதுவும் இல்லாமல் விடுங்கள், சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் நிழலுக்கும் நேரம் எங்கிருந்தாவது வர வேண்டுமே. அந்த வெற்று நேரத்தில் போகிற போக்கில், பெயரே கேள்விப்படாத யாரோ ஒருவரின் சின்ன மேடை முன் நின்றுவிடுவீர்கள். எனக்கு இந்த விழாவில் பிடித்ததே அதுதான்.

இரவுக் கடைசி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இரண்டு பெரிய மேடைகளில் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டையும் பாதி பாதி பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். குழுவாகப் போனால் இதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள், அங்கே போய் 8 மணிக்குச் சண்டை போட வேண்டாம்.

அட்டவணையையும் வரைபடத்தையும் திரைப்பிடிப்பு எடுத்து போனில் வையுங்கள். கூட்டம் சேர்ந்தபின் நெட்வொர்க் திணறும், ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

6. உள்ளே போனதும் முதல் அரை மணி நேரம்

வாசலில் பட்டையைத் தொட்டு உள்ளே போனதும் நேராக மேடைக்கு ஓடாதீர்கள். முதலில் தண்ணீர் நிரப்பும் இடம் எங்கே என்று பார்த்து பாட்டிலை நிரப்புங்கள், இலவசம்தான். அடுத்து, நீங்கள் அதிக நேரம் இருக்கப்போகும் மேடைக்கு அருகே இருக்கும் கழிப்பறை வரிசை, மருத்துவக் கூடாரம். கூட்டம் இல்லாத மதியத்தில் பார்த்து வைத்தால்தான் இருட்டில் கண்டுபிடிக்க முடியும்.

பிறகு சந்திப்பு இடம். "மேடைக்கு இடது பக்கம்" என்றால் பத்தாயிரம் பேர் அங்கே நிற்பார்கள், தவிர யாருடைய இடது? நகராத, இரவிலும் தெரிகிற ஒன்றைச் சொல்லுங்கள்: குறிப்பிட்ட ஒரு மரம், தகவல் மையம், பெயர்ப்பலகை உள்ள ஒரு கடை. கூடவே நேரமும். "போன் எடுபடாவிட்டால் ஒவ்வொரு மணியும் முடியும்போது அங்கே வருவோம்" என்று சொல்லி வைத்தால் போதும். மெசேஜ் அனுப்பும்போதும் "எங்க இருக்க?" என்று கேட்காமல் "7.10க்கு தண்ணீர் தொட்டி பக்கம் நிற்கிறேன்" என்று நேரம் போட்டு அனுப்புங்கள், 7.10க்கு அனுப்பியது 7.40க்குப் போய்ச் சேர்ந்தாலும் அர்த்தம் புரியும்.

கூட்டத்துக்கு மேலே நீண்ட கம்புகளில் விதவிதமான கொடிகள் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அலங்காரத்துக்கு அல்ல, நண்பர்கள் இடம் கண்டுபிடிக்கத்தான். உங்களிடம் கொடி இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவரின் கொடியை அடையாளமாகச் சொல்லலாம், அவர் நகரும்வரை.

7. வெயில், தண்ணீர், புழுதி

"மெட்ராஸ் வெயிலையே பார்த்தாச்சு, இது என்ன பெரிய வெயில்" என்கிறவர்தான் மாலை 5 மணிக்கு மருத்துவக் கூடாரத்தில் படுத்திருப்பார். சென்னையில் கத்திரி வெயிலில் யாரும் 7 மணி நேரம் வெட்டவெளியில் நின்றதில்லை, நிழல் பார்த்து நடப்போம், நடுப்பகலில் வீட்டுக்குள் இருப்போம். இங்கே அக்டோபரிலும் பகல் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம், புல்வெளியின் நடுவில் நிழல் கிடையாது, மரங்கள் ஓரத்தில்தான். சூரியன் மறைய 7 மணி ஆகும்.

தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்கத் தொடங்குங்கள். தண்ணீர் வரிசை மாலையில் நீளும், பாட்டில் பாதி இருக்கும்போதே நிரப்பப் போவதுதான் புத்திசாலித்தனம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் தலை சுற்றும், வியர்வையில் போன உப்பு திரும்ப வேண்டும், இடையில் உப்பாக எதையாவது சாப்பிடுங்கள். பீர் தண்ணீர்க் கணக்கில் சேராது. யாருக்காவது பேச்சு குழறினாலோ, ஆள் குழம்பினாலோ, "கொஞ்ச நேரம் உட்கார்ந்தா சரியாயிடும்" என்று காத்திராமல் உடனே மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே யாரும் திட்டமாட்டார்கள்.

மழை இல்லாத ஆண்டில் பிற்பகலுக்குள் புழுதி கிளம்பிவிடும். பந்தனாவை மூக்கின் மேல் கட்டியிருப்பவர்களைப் பார்த்து ஸ்டைல் என்று நினைக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். இந்தப் பருவத்தில் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தமும் சேர்ந்துகொள்ளும். இந்த ஊர்க்காரர்கள் பயப்படும் சீடர் மர மகரந்த ஒவ்வாமை டிசம்பருக்குப் பிறகுதான், அக்டோபரில் தும்மல் வந்தால் காரணம் வேறு.

8. எங்கே நிற்பது

எல்லோருக்கும் முன்வரிசை ஆசை. முன்வரிசை என்றால் குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகளுக்கு முன்பே போய் நிற்க வேண்டும், தண்ணீருக்கோ கழிப்பறைக்கோ போனால் இடம் போச்சு. உயிருக்கு உயிரான கலைஞர் என்றால் சரி, செய்யுங்கள். மற்றவர்களுக்கு மேடைக்கு எதிரே கூட்டத்தின் நடுவில் ஒலி கட்டுப்பாட்டுக் கூடாரம் ஒன்று இருக்கும், அதை ஒட்டிப் பின்னால் நில்லுங்கள். ஒலிப் பொறியாளர் அங்கே உட்கார்ந்து கேட்டுத்தான் சரிசெய்கிறார், அதனால் சத்தம் தெளிவாக இருப்பது அங்கேதான். ஒரு பக்கம் தடுப்பு இருப்பதால் நெரிசலும் குறைவு.

மடக்கு நாற்காலி கொண்டுவரும் வழக்கம் இங்கே உண்டு. ஆனால் மேடைக்கு முன்னால் ஓர் எல்லைக்குள் நாற்காலி போடக் கூடாது. பின்னால் போட்டாலும் இருட்டியபின் மடித்துவிடுங்கள், நடக்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள்.

நடுக்கூட்டத்தில் அழுத்தம் கூடி, கையைத் தூக்க முடியவில்லை என்று தோன்றினால், பின்னோக்கித் தள்ளாதீர்கள், பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறுங்கள். இது பாட்டு நடுவில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அல்ல. நிற்கும்போதே எந்தப் பக்கம் ஓரம் கிட்டே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காதடைப்பானை நம்மவர்கள் கிண்டல் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்வது, 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பெரிய மேடையின் ஸ்பீக்கர் பக்கம் 100ஐத் தொடுவது பெரிய விஷயமே இல்லை, நீங்கள் இருக்கப்போவதோ மணிக்கணக்கில். சில டாலர் சிலிக்கான் அடைப்பான் போதும், பாட்டு தெளிவாகவே கேட்கும்.

9. சாப்பாடு

ஆஸ்டின் உணவகங்கள் பலவும் ஒரே வளாகத்தில் கடை போடும். சைவமும் கிடைக்கும், ஆனால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள், முதல் கடையிலேயே நின்றால் சீஸ் பீட்சாதான் கிடைக்கும். முட்டை, மாட்டிறைச்சி தவிர்க்கிறவர்கள் எண்ணெயைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். மதியம் 3 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் ஒரு முழுச் சாப்பாடு முடித்துவிடுங்கள். 6.30க்கு மேல் எல்லோருக்கும் ஒன்றாகப் பசிக்கும். விலை வெளியே இருப்பதைவிடக் கூடுதல்தான், புலம்பி என்ன ஆகப்போகிறது, காலையில் வீட்டில் நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டுக் கிளம்புங்கள்.

மது வாங்குவதாக இருந்தால் 21 வயது நிரம்பியதைக் காட்ட அடையாள அட்டை வேண்டும். டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம் இன்னும் வராதவர்கள் பாஸ்போர்ட்டைத்தான் நம்ப வேண்டும், போனில் இருக்கும் படம் உதவாது.

10. குழந்தைகளும், ஊரிலிருந்து வந்த பெற்றோரும்

சின்னக் குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் கட்டணம் இல்லை. எந்த வயது வரை என்பது அந்த ஆண்டு விதியில் இருக்கும். ஆஸ்டின் கிடி லிமிட்ஸ் என்று குழந்தைகளுக்கான தனிப் பகுதி உண்டு, முதலில் அங்கே போங்கள். குழந்தையின் கையில் உங்கள் போன் எண்ணை எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். வேறு எங்கு போவதற்கு முன்னும் அதை முடித்துவிடுங்கள். காதை முழுதும் மூடும் ஹெட்போன் போன்ற காப்பு குழந்தைக்குக் கட்டாயம். அதை வீட்டிலேயே இரண்டு நாள் மாட்டிப் பழக்குங்கள், அங்கே புதிதாக மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடும்.

குழந்தையோடு போகிறவர்களின் விழா மாலை 6 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கியக் கலைஞரையும் பார்த்துவிடலாம் என்று இழுத்தால், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷட்டில் வரிசையில் நிற்பது நீங்கள்தான்.

பெற்றோர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். முழங்கால் வலி உள்ள அம்மாவை "ஒரு தடவை பார்க்கட்டுமே" என்று கூட்டிவராதீர்கள். வருவதாகவே முடிவானால், மாலை 4 மணிக்கு மேல் வந்து, மர நிழலில் நாற்காலி போட்டு, 7 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கு நிகழ்ச்சி பார்க்கத் தனி மேடைத்தளம் உண்டு, உள்ளே நுழைந்ததும் அதற்கான மையத்தில் விசாரியுங்கள்.

11. மழையும் மின்னலும்

மழை பெய்தாலும் விழா நடக்கும், மின்னல் என்றால் நிறுத்துவார்கள். 2013இல் இரண்டாம் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்தால் முழுதாகவே ரத்தானது. வெளியேறச் சொல்லி ஆப்பிலும் திரையிலும் அறிவிப்பு வந்தால் உடனே கிளம்புங்கள், "பத்து நிமிடத்தில் நின்றுவிடும்" என்று மரத்தடியில் ஒதுங்காதீர்கள், மின்னலுக்கு மரத்தடிதான் மோசமான இடம். ஒரு கட்டடமோ மூடிய வாகனமோ வேண்டும். இரண்டாம் பகுதியில் சொன்னபடி முடிவு செய்த வழி இங்கேதான் கைகொடுக்கும். எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் குழப்பமில்லாமல் வெளியேறிவிடுவார்கள், மற்றவர்கள் நனைந்த போனில் வரைபடம் தேடிக்கொண்டு நிற்பார்கள். மறுபடி வாசல் திறந்தால் அறிவிப்பு வரும், அதனால் பட்டையைக் கழற்றிவிடாதீர்கள்.

மழைக்கு மறுநாள் புல்வெளி சேறாக இருக்கும், பெட்ஷீட்டை வீட்டில் வைத்துவிட்டு பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

12. கிளம்பும் நேரம்

இரண்டே வழிதான் நல்லது. ஒன்று, கடைசி நிகழ்ச்சி முடிய 20 நிமிடம் இருக்கும்போதே நகரத் தொடங்குவது. வாசலை நோக்கி நடந்துகொண்டே கடைசிப் பாட்டுகளைக் கேட்கலாம், சத்தம் சாலை வரைக்கும் வரும். இன்னொன்று, முடிந்தபின் அப்படியே உட்கார்ந்து தண்ணீர் குடித்து, கழிப்பறை போய்விட்டு, கூட்டம் கரைந்தபின் நிதானமாகக் கிளம்புவது. சரியாக 10 மணிக்கு எல்லோரோடும் எழுந்து தள்ளிக்கொண்டு போவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. பெரும்பாலானவர்கள் செய்வதும் அதுதான்.

கிளம்புவதற்கு முன் போனில் சார்ஜ் எவ்வளவு என்று பாருங்கள், கேரேஜில் காசு கட்ட, வழி பார்க்க அது வேண்டும். அதனால் மாலையிலேயே பவர் பேங்க் போட்டுவிடுங்கள். கார் எந்த மாடியில் எந்தத் தூண் பக்கம் என்று காலையில் ஒரு படம் எடுத்திருந்தால் அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டப்போகிறவர் குடித்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் அவர் களைத்துப்போய் இருப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள். ரவுண்ட் ராக் வரை ஐ-35இல் அரை மணி நேர ஓட்டம், பக்கத்தில் இருப்பவர் தூங்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவை வாசலிலேயே கழற்றுங்கள், மூக்கை உப்புத் தண்ணீரில் கழுவுங்கள், வருவது கறுப்பாக இருந்தால் பயப்படாதீர்கள், புழுதிதான். ஒரு நாள் டிக்கெட் என்றால் பட்டையைக் கத்தரியால் வெட்டிவிடலாம். 3 நாள் டிக்கெட் என்றால் அதோடேயே குளியுங்கள், பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், பவர் பேங்கைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள்.